ஸ்பேக்னம் மாஸ்: கடலூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்தில் மொட்டை மாடியில் ஆர்க்கிட் வளர்க்கிறேன், வீட்டு வாசலில் சின்னதாக ஒரு நர்சரியும் வைத்திருக்கிறேன். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வருகிறவர்கள் அலமாரியில் இருக்கும் ஸ்பேக்னம் மாஸ் என்ற வெளிர் மஞ்சள் நார்ப் பொட்டலத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், அப்புறம் கேள்விகள் ஆரம்பிக்கும். பத்து வருடத்துக்கு மேலாக வாயால் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த செடி இது, அதனால் சில பதில்கள் நீளமாகத்தான் இருக்கும்.

இது என்ன, வைக்கோலா தேங்காய் நாரா?

இரண்டும் இல்லை. இது ஒரு முழுச் செடி, காயவைத்த செடி. ஒரு இழையை எடுத்து அரைமணி நேரம் தண்ணீரில் போட்டுவிட்டு வெள்ளைத் தட்டில் விரித்துப் பாருங்கள். நடுவில் மெல்லிய தண்டு, சுற்றிலும் கொத்துக் கொத்தாகக் கிளைகள், உச்சியில் குஞ்சம் மாதிரி ஒரு தலை. கிளைகளில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மீதி தண்டை ஒட்டிக் கீழே தொங்கும். அந்தத் தொங்கும் கிளைகள்தான் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலக் கீழிருந்து தண்ணீரை மேலே ஏற்றுகின்றன.

நம் பக்கம் விற்கும் பொட்டலங்களில் நிறைய சிலே நாட்டிலிருந்து வருபவை. அந்த மாஸின் பெயர் ஸ்பேக்னம் மெகல்லானிகம். தென் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் மெகல்லன் நீரிணையை வைத்து 1798இல் பிரிடெல் என்ற தாவரவியலாளர் சூட்டிய பெயர். வெயில் நன்றாகப் படும் இடத்தில் திராட்சை ரசம் போலச் சிவந்து கிடக்கும், நிழலில் பச்சையாகவே இருக்கும். இருநூறு வருடங்களுக்கு மேல் உலகம் முழுக்க இது ஒரே இனம் என்றுதான் நினைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்த பிறகு 2018இல் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். வடக்கே ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவை ஸ்பேக்னம் டிவினம், ஸ்பேக்னம் மீடியம். மெகல்லானிகம் என்ற பழைய பெயர் இப்போது தென்கோடி தென் அமெரிக்காவில் வளர்வதற்கு மட்டும்தான். சிலேக்காரர்கள் இதைப் போம்போன் என்கிறார்கள். நியூசிலாந்துப் பொட்டலம் என்றால் அது பெரும்பாலும் வேறு இனம், ஸ்பேக்னம் கிறிஸ்டாட்டம். ஸ்பேக்னம் பேரினத்தில் மொத்தம் முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, நம் வேலைக்கு இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் போதும்.

பாசி என்று சொல்லலாமே, எதற்கு மாஸ்?

சொல்லலாம், ஆனால் குழப்பம் வரும். குளத்தில் படர்வதும் பாசி, கிணற்றுப் படியில் வழுக்குவதும் பாசி, கடலில் எடுப்பதும் பாசி. அவற்றில் பல ஆல்கா வகை. மாஸுக்குத் தண்டும் இலையும் உண்டு, நீர் கடத்தும் குழாயும் உண்மையான வேரும் பூவும் கிடையாது. அதனால்தான் பள்ளிப் புத்தகத்தில் படித்த மாஸ் என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

ஐப்பசி மழையில் எங்கள் காம்பவுண்டு சுவரில் பச்சையாக வருகிறதே, அதுவா?

இல்லை. அதுவும் மாஸ்தான், வேறு சிறு வகை. சுண்ணாம்புப் பூச்சு, சிமெண்டு இதெல்லாம் அதற்கு ஒத்துக்கொள்ளும். ஸ்பேக்னத்துக்குச் சுண்ணாம்பு ஆகவே ஆகாது. சுவரில் சுரண்டி எடுத்து ஆர்க்கிட் வேரில் வைத்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

வேரே இல்லாத செடி இவ்வளவு தண்ணீரை எப்படிப் பிடித்துவைக்கிறது?

இந்தக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. இலையை நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு விதமான செல்கள் தெரியும். ஒன்று மெல்லிய, பச்சையான, உயிருள்ள செல். அந்தப் பச்சைச் செல்களுக்கு நடுவே பெரிய பெரிய காலிச் செல்கள். காலிச் செல்கள் வளர்ந்து முடித்துச் செத்துப்போனவை, உள்ளே ஒன்றும் இருக்காது, சுவரில் மட்டும் ஓட்டைகள் இருக்கும். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போய் நிற்கிறது. செல் காலியாக இருந்தால் நசுங்கிவிடாதா என்றால், உள்பக்கத்தில் வளையம் வளையமாகத் தடிப்பு இருக்கிறது. நம் ஊர் உறைகிணற்றில் மண் சரியாமல் உறை தாங்குகிறது பாருங்கள், அதே வேலை. இலையில் பெரும்பகுதி இந்தக் காலிச் செல்கள்தான், அதனால்தான் காய்ந்ததும் செடி வெளிறிப்போகிறது.

தன் உலர்ந்த எடையைப்போல 16 முதல் 26 மடங்கு வரை தண்ணீர் பிடிக்கும் என்று சொல்வார்கள். நானே ஒருமுறை நகை எடை போடும் சின்னத் தராசில் 10 கிராம் உலர்ந்த மாஸை வைத்துப் பார்த்தேன். ஒரு கைப்பிடி அளவுதான், ஊதினால் பறந்துவிடும் போல இருந்தது. வாளியில் ஊறப்போட்டு, வடிகட்டியில் வைத்துச் சொட்டுவது நின்ற பிறகு திரும்ப எடை போட்டேன், 180 கிராமுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. அப்புறம் கையால் இறுக்கிப் பிழிந்தேன், ஒரு டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் நின்றது. விட்டதும் பழைய உருவத்துக்குத் திரும்பிவிட்டது.

பீட் மாஸ், ஸ்பேக்னம் மாஸ் இரண்டும் ஒன்றா?

ஒரே செடி, ஆனால் கடையில் இரண்டும் வேறு பொருள். உயிரோடு இருக்கும் மேல்பகுதியைப் பிடுங்கிக் காயவைத்தால் நீளமான நார் மாதிரி வருகிறது, அது ஸ்பேக்னம் மாஸ். இந்தச் செடி உச்சியில் வளர்ந்துகொண்டே போகும், அடிப்பகுதி செத்துக்கொண்டே வரும். செத்தது மக்காமல் நீரில் அமுங்கி, அடுக்கடுக்காகச் சேர்ந்து கரும்பழுப்பாகிவிடும். அதைத் தோண்டி எடுத்துப் பொடியாக்கி மூட்டையில் விற்பது பீட் மாஸ், அதாவது முற்றாத கரிமண். ஒரு வருடத்துக்குச் சேர்வது தோராயமாக ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தோண்டினால் ஆயிரம் வருடத்தைத் தோண்டுகிறோம், ராஜராஜன் காலத்து மாஸ் அது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள், ஏன் இந்தப் பொருளைக் கைப்பிடி அளவில் பயன்படுத்துங்கள் என்று நச்சரிக்கிறேன் என்பது புரியும்.

செத்த செடி மக்காமல் எப்படி இருக்கும்?

மூன்று காரணம் சேர்ந்து வேலை செய்கிறது. சதுப்பில் தண்ணீர் தேங்கி நிற்பதால் ஆக்சிஜன் போகாது. இரண்டாவது, மாஸ் தன்னைச் சுற்றியுள்ள நீரிலிருந்து கால்சியம், மக்னீசியம் போன்ற சத்துகளை இழுத்துக்கொண்டு பதிலுக்கு அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகளை விடுகிறது, அதனால் சதுப்பு நீரின் பி.எச். 4 பக்கம் இறங்கிவிடும், எலுமிச்சைச் சாறு அளவு இல்லை, தக்காளிச் சாறு அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, மாஸின் செல்சுவரில் இருக்கும் சில வேதிப்பொருட்கள் பாக்டீரியாவை அண்டவிடாது.

இதற்குப் பெரிய சாட்சி டென்மார்க்கில் இருக்கிறது. 1950இல் டோலுண்ட் என்ற இடத்துக்குப் பக்கத்தில் அடுப்புக்குக் கரிமண் வெட்டப் போனவர்கள் ஒரு மனித உடலைப் பார்த்து, சமீபத்தில் நடந்த கொலை என்று போலீஸுக்குச் சொல்லிவிட்டார்கள். பார்த்தால் அந்த ஆள் இறந்து கிட்டத்தட்ட 2400 வருடம் ஆகியிருந்தது. முகத்தில் முள்முள்ளாகத் தாடி, தலையில் தோல் தொப்பி, கழுத்தில் கயிறு, வயிற்றில் கடைசியாகச் சாப்பிட்ட கஞ்சி, எல்லாம் அப்படியே. நம் சங்க காலத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்த ஒருவரின் நெற்றிச் சுருக்கத்தை இன்றைக்குப் பார்க்க முடிகிறது.

எதுவும் மக்காததாலும், இருக்கும் சத்தை மாஸ் இழுத்துக்கொள்வதாலும் சதுப்பில் சத்து மிகக் குறைவு. அதனால்தான் அங்கே மாஸோடு சேர்ந்து பூச்சி தின்னும் செடிகள் வளர்கின்றன. நம்மூர் அழுகண்ணியின் உறவுக்காரச் செடிகளும் அதில் உண்டு.

நெய்வேலி நிலக்கரியும் இதுவும் ஒன்றா?

கடலூர் மாவட்டத்துக்காரர்கள் கேட்காமல் இருக்கமாட்டார்கள். உறவு உண்டு, ஒன்று இல்லை. தாவரக் குப்பை சதுப்பில் மக்காமல் சேர்ந்தால் முதலில் கரிமண், அது மண்ணுக்கடியில் புதைந்து கோடிக்கணக்கான வருட அழுத்தத்தில் பழுப்பு நிலக்கரி, இன்னும் போனால் கருப்பு நிலக்கரி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு வந்த கருப்புப் பொருள் அந்த இரண்டாம் கட்டம். ஆனால் நெய்வேலியில் புதைந்தது மாஸ் இல்லை, அந்தக் காலத்து வெப்பமண்டல மரங்களும் செடிகளும்.

பூ இல்லை என்கிறீர்கள், அப்படியானால் விதை?

விதையும் இல்லை, வித்துத்தூள்தான். கோடைக்காலத்தில் தலையின் மேல் சின்னக் காம்பில் கடுகு அளவுக்கு ஒரு பழுப்பு உருண்டை வரும். வெயிலில் காயக் காய அந்த உருண்டை பக்கவாட்டில் சுருங்கி நீளமாகும், உள்ளே இருக்கும் காற்று அமுக்கப்படும், கடைசியில் மூடி தெறித்துக்கொண்டு போகும். பக்கத்தில் காதை வைத்தால் சத்தம் கேட்கும் என்கிறார்கள். தூள் பத்து சென்டிமீட்டருக்கும் மேலே எழும்பிவிடும். அவ்வளவு லேசான தூள் காற்றின் தடையில் சட்டென்று நின்றுவிடாமல் எப்படிப் போகிறது என்று பார்த்தபோது, சுருட்டுப் புகையை வளையமாக விடுவார்களே அதுபோல ஒரு காற்று வளையம் உருவாகி அதைச் சுமந்துகொண்டு போவது 2010இல் வேகப் படக்கருவியில் தெரிந்தது. தரையோடு கிடக்கும் செடி, காற்று ஓடும் உயரத்துக்குத் தன் தூளை இப்படித்தான் தூக்கிவிடுகிறது. ஒடிந்த துண்டிலிருந்தும் வளரும், பாதி இடங்களில் அப்படித்தான் பரவுகிறது.

இந்தியாவில் கிடைக்காதா?

ஸ்பேக்னம் இனங்கள் கிழக்கு இமயமலையிலும் மேகாலயாவின் காசி மலையிலும் வளர்கின்றன. மெகல்லானிகம் இங்கே கிடையாது. நீலகிரியில் ஊட்டியைச் சுற்றிக் கரிமண் சதுப்புகள் உண்டு, அவை பெரும்பாலும் புல்லும் கோரையும் சேர்ந்து ஆனவை. அந்தக் கரிமண்ணை அடுக்கடுக்காக ஆராய்ந்து கடந்த 20,000 வருடத்தில் தென்னிந்தியாவில் பருவமழை எப்படிக் கூடிக் குறைந்தது என்று சுகுமார் என்ற அறிவியலாளரின் குழுவினர் 1993இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதினார்கள். சதுப்பு தன் மேல் விழுந்த மகரந்தத்தையும் அப்படியே வைத்திருக்கும், எந்தக் காலத்தில் காடு, எந்தக் காலத்தில் புல்வெளி என்று அதிலிருந்து படிக்கலாம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இந்த மகரந்த ஆராய்ச்சியைப் பல பத்தாண்டுகளாகச் செய்கிறார்கள். கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் உட்கார்ந்து மலைச் சதுப்பின் வரலாற்றைப் படித்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

இதைப் போரில் காயத்துக்குக் கட்டினார்களாமே, உண்மையா?

உண்மை. முதல் உலகப் போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு, ஏனென்றால் வெடிமருந்து செய்யவும் பஞ்சு வேண்டியிருந்தது. 1914இல் எடின்பரோவைச் சேர்ந்த கேத்கார்ட் என்ற அறுவை மருத்துவரும் பால்ஃபர் என்ற தாவரவியலாளரும் ஸ்பேக்னத்தைக் காயக்கட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதினார்கள். பஞ்சைவிட மூன்று நான்கு மடங்கு உறிஞ்சும், அமிலத்தன்மையால் கிருமியும் அவ்வளவாக வளராது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து கிராமங்களில் பெண்களும் பிள்ளைகளும் சதுப்பில் இறங்கிச் சேகரித்து, குச்சி முள் பொறுக்கி, மெல்லிய துணிப்பையில் தைத்து அனுப்பினார்கள். 1918இல் பிரிட்டனில் மட்டும் மாதம் பத்து லட்சம் கட்டுகள் போயின. ஸ்பேக்னம் பாப்பிலோசம், ஸ்பேக்னம் பலுஸ்ட்ரே போன்ற இனங்களைத்தான் இதற்கு எடுத்தார்கள்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வெள்ளைத் தூண்களோடு நிற்கும் போர் நினைவுச் சின்னம் இதே போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கானது. அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மாஸ் மூட்டைகளின் ஞாபகம் வரும்.

போருக்கு முன்பும் இதன் பயன் தெரியும். வட அமெரிக்கப் பூர்வகுடிகளும் வட ஐரோப்பாவில் சாமி (Sámi) எனப்படும் பழங்குடி மக்களும் கைக்குழந்தைக்கு அடியில் இதைத்தான் வைத்தார்கள், ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நனைந்ததை எடுத்து எறிந்துவிட்டுப் புதிதாக வைக்கலாம்.

அப்படியானால் இப்போது வெட்டுக்காயத்தில் வைக்கலாமா?

கூடவே கூடாது. அன்றைக்குச் சுத்தம் செய்து பதப்படுத்தித்தான் வைத்தார்கள். செடிக்கு விற்கும் மாஸில் ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சை இருக்க வாய்ப்பு உண்டு. கையில் சின்னக் கீறல் இருந்தால் போதும், அது வழியாக உள்ளே போய்க் கட்டி கட்டியாகக் கையோடு மேலே ஏறும். 1988இல் அமெரிக்காவில் மரக்கன்றுகளை ஸ்பேக்னத்தில் சுற்றி அனுப்பியபோது, அதைக் கையாண்டவர்களில் 84 பேருக்கு இந்தத் தொற்று வந்தது. நானும் ஆரம்பத்தில் வெறுங்கையால்தான் பிசைந்துகொண்டிருந்தேன், இதைப் படித்த நாளிலிருந்து ரப்பர் கையுறை இல்லாமல் தொடுவதில்லை. உலர்ந்த மாஸை உதறும்போது தூசி பறக்கும், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அல்லது முதலில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பிரியுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்களும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கையில் ஆறாத புண் வந்தால் மருத்துவரிடம் மாஸ் தொட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம் ஊரில் இதை உண்மையில் எதற்குப் பயன்படுத்தலாம்?

என் பதில், விண்பதியம், அதாவது கிளையை மரத்தில் இருக்கும்போதே வேர்விடவைத்துப் புதுக் கன்றாக எடுப்பது. ஆர்க்கிட்கூட அதற்கு அப்புறம்தான்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தபோது எங்கள் வீட்டுக் கொய்யா மரம் சாய்ந்துவிட்டது. அப்பா நட்டது, உள்ளே சிவப்பாக இருக்கும், தெருவுக்கே கொடுப்போம். ஒரு பக்க வேர் மண்ணில் இருந்ததால் முட்டுக்கொடுத்து நிறுத்தினோம், தழைத்தது, ஆனால் நிலைக்காது என்று தெரிந்தது. ஆடியில் தெரிந்த தோட்டக்காரர் ஒருவர் வந்து, "மரம் போனா போவட்டும் தம்பி, புள்ளைங்கள எடுத்துக்கலாம்" என்று சொல்லி விண்பதியம் போட்டுக்காட்டினார். பென்சில் தடிமனுள்ள கிளையில் ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, அடியில் வழவழப்பாக இருப்பதையும் கத்தி முதுகால் சுரண்டினார். ஊறவைத்த மாஸைச் சொட்டு வராத அளவுக்குப் பிழிந்து, எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டையாக வெட்டின இடத்தைச் சுற்றி வைத்து, கண்ணாடி பாலித்தீன் தாளால் சுற்றி இரண்டு பக்கமும் கயிறு கட்டினார். ஆறாவது வாரத்தில் தாளுக்குள்ளே வெள்ளை வேர்கள் தெரிந்தன. ஏழில் நான்கு பிடித்தது. அதில் ஒன்று இப்போதும் பின்பக்கத்தில் காய்க்கிறது. பெரிய மரம் அடுத்த கார்த்திகை மழையில் விழுந்துவிட்டது.

இதற்கு மாஸ் ஏன் நல்லது என்றால், எடை கிடையாது, கிளை ஒடியாது. இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றாமலே ஈரம் நிற்கும், காற்றும் போகும், வேர் வந்தால் வெளியே தெரியும். களிமண்ணும் சாணமும் சேர்த்தும் கட்டுவார்கள், அதுவும் வரும், வெயிலில் காய்ந்து இறுகிவிடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பதியத்துக்கு மூன்று நான்கு கிராம் உலர்ந்த மாஸ் போதும். கொய்யா, மாதுளை, எலுமிச்சை மூன்றிலும் எனக்கு நன்றாக வந்திருக்கிறது.

ஆர்க்கிட்டுக்கு முழுக்க மாஸில் நடலாமா?

எந்த ஆர்க்கிட் என்பதைப் பொறுத்தது. வாண்டாவுக்கு ஒன்றும் வேண்டாம், வெறும் வேரோடு தொங்கவிடுங்கள். டென்ட்ரோபியத்துக்கு அடுப்புக்கரியும் உடைந்த ஓட்டுத் துண்டும் போதும், மாஸில் வைத்தால் நம் கடற்கரை ஈரத்தில் வேர் அழுகும். பெலனாப்சிஸ் கேட்பவர்களுக்கு மட்டும் மாஸ் சொல்கிறேன், அதிலும் தளர்வாக. தொட்டியில் திணித்து வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. விரலை உள்ளே விட்டால் தடையில்லாமல் போக வேண்டும். மேல் மாஸ் வெளிறி, தொட்டால் மொறுமொறு என்று இருந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். மழைக்காலத்தில் தொட்டிகளைக் கூரைக்கு அடியில் கொண்டுவந்துவிடுங்கள், தொடர்ந்து நான்கு நாள் நனைந்தால் போச்சு. ஒன்றரை இரண்டு வருடத்தில் மாஸ் நைந்துவிடும், புளித்த மாவு மாதிரி வாசனை வரும், அப்போது மாற்ற வேண்டும்.

வேர் அழுகித் தப்பிய செடியைப் பிழைக்கவைக்க மாஸ் மாதிரி வேறொன்று எனக்குத் தெரியாது. மூடியுள்ள கண்ணாடி டப்பாவில் ஒரு கைப்பிடி ஈர மாஸ், அதன் மேல் செடி, வெளிச்சமான நிழல், ஒரு மாதம் பொறுமை.

எந்தத் தண்ணீர் ஊற்றுவது?

மழைத்தண்ணீர். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின், அதாவது போர் தண்ணீரின், டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 900க்கு மேல் காட்டும், பிடித்துவைத்த மழைநீர் 20தான். மாஸ் நீரிலுள்ள உப்பையும் சுண்ணாம்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதனால் போர் தண்ணீர் ஊற்றினால் இரண்டே மாதத்தில் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும், ஆர்க்கிட் வேர் நுனி கருகும். மழைநீர் தீர்ந்தால் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் நல்லது. ஆர்.ஓ. தண்ணீரும் சரி. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை ஊற்றாதீர்கள், அதில்தான் உப்பு முழுக்க இருக்கிறது.

மாடித்தோட்டத்தில் கத்தரி, வெண்டைக்குப் பீட் மாஸ் வாங்கட்டுமா?

வேண்டாம். குழித்தட்டில் நாற்று விடவும் பையில் மண் கலக்கவும் நம் தென்னை நார்க்கழிவு, அதாவது கோகோ பீட், நன்றாகவே வேலை செய்கிறது. தேங்காய் மட்டை இருக்கும் ஊரில் இருந்துகொண்டு ஆயிரம் வருடத்துச் சதுப்பைக் கடல் கடந்து வரவழைத்து வெண்டைக்காய் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பீட் மாஸ் அமிலம் அதிகம், சுண்ணாம்பு கலந்து சரிசெய்ய வேண்டும். ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காமல் ஓரமாக வழியவிடும், நம் சித்திரை வெயிலில் அது இரண்டே நாளில் நடக்கும். கோகோ பீட்டிலும் ஒரு குறை உண்டு, உப்பு. இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள், அவ்வளவுதான்.

மணிபிளாண்டுக்கு மாஸ் ஸ்டிக் வாங்கினேன், அதில் மாஸ் இருக்கிறதா?

நம் ஊரில் விற்கும் குச்சிகளில் பெரும்பாலும் தேங்காய் நார்தான் சுற்றியிருக்கும். அது குறை இல்லை, கொடிக்கு அதுவே போதும்.

கொலுப் பூங்காவுக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்கும் பச்சை மாஸ் கிடைக்குமா?

சாயம் போட்ட பொட்டலங்கள் கிடைக்கும், நான் விற்பதில்லை. பத்து நாளுக்கு முன்னால் தட்டில் கேழ்வரகோ கடுகோ தெளித்துவிடுங்கள், எங்கள் அம்மா கொலுவுக்கு அப்படித்தான் பூங்கா போடுவார், பிள்ளைகளும் தினம் தண்ணீர் தெளித்துப் பழகும்.

நல்ல மாஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீளமான இழை, உச்சிக் குஞ்சங்கள் முழுசாக, வெளிர் பொன் நிறம். பொட்டலத்தின் அடியில் தூள் குவிந்திருந்தால் பழசு அல்லது மட்டம். ஒரு சிட்டிகை எடுத்து வெந்நீரில் போடுங்கள், நல்லது ஐந்து நிமிடத்தில் பஞ்சு மாதிரி உப்பும், தண்ணீர் லேசாக மட்டும் நிறம் மாறும். தண்ணீர் பச்சையானால் சாயம். தட்டையாகப் பாய் மாதிரி உரிந்து வந்தால் அது மரத்திலிருந்தோ பாறையிலிருந்தோ சுரண்டிய வேறு மாஸ், தண்ணீர் பிடிக்காது.

இதை வாங்குவது இயற்கைக்குக் கெடுதலா?

நேர்மையாகச் சொன்னால், எப்படி எடுத்தார்கள், எவ்வளவு வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. உலக நிலப்பரப்பில் கரிமண் சதுப்புகள் கிட்டத்தட்ட 3 சதவீதம்தான். ஆனால் உலகத்துக் காடுகளின் மரம் செடி அத்தனையிலும் இருப்பதைவிட அதிகமான கார்பன் அந்த 3 சதவீதத்தில் புதைந்திருக்கிறது. தண்ணீரை வடித்துத் தோண்டினால் காற்றுப் பட்டு அந்தக் கார்பன் வெளியே போகத் தொடங்கும். அயர்லாந்தில் தலைமுறை தலைமுறையாகக் கரிமண்ணை வெட்டி அடுப்பெரித்தார்கள், மின்நிலையமே ஓட்டினார்கள், அங்கே அரசு நிறுவனம் கரிமண் எடுப்பதை நிறுத்திக்கொண்டதாக 2021இல் அறிவித்தது. சிலேயில் 2024இல் வந்த சட்டம் கரிமண் தோண்டுவதைத் தடை செய்கிறது, மேலே உள்ள மாஸை எடுக்க மேலாண்மைத் திட்டம் வேண்டும் என்கிறது.

நமக்கு இதைப் புரிந்துகொள்ளத் தூரம் போக வேண்டாம். பிச்சாவரத்தில் படகில் போகும்போது துடுப்பு சேற்றைக் கிளறினால் கருப்பாக, நாற்றத்தோடு மேலே வருமே, அதுவும் காற்றுப் போகாமல் இலையும் வேரும் மக்காமல் சேர்ந்த சேறுதான். இங்கே சுரபுன்னை மரங்கள் செய்வதைக் குளிர் நாட்டுச் சதுப்பில் மாஸ் செய்கிறது. பிச்சாவரத்துச் சேற்றை மூட்டை கட்டி விற்றால் நமக்கு எப்படி இருக்கும்?

அதனால் பீட் மாஸ் மூட்டையை நான் கடையில் வைப்பதே இல்லை. நார் மாஸ் மட்டும் வைத்திருக்கிறேன், அதுவும் சின்னப் பொட்டலம். மேலாகப் பிடுங்கி அடியை விட்டுவைத்தால் அது திரும்ப வளரும், ஆனால் பழைய உயரத்துக்கு வரப் பல வருடம் ஆகும்.

உயிரோடு இங்கே வளர்க்க முடியுமா?

நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன், வளர்த்தேன் என்று சொல்லமாட்டேன். ஒரு கார்த்திகையில் பெலனாப்சிஸ் தொட்டியின் ஓரத்தில், காய்ந்த இழைகளுக்கு நடுவே, அரிசி அளவில் பச்சைக் குஞ்சம் ஒன்று முளைத்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு. காய்ந்த மாஸில் எங்கோ ஒரு மொட்டு சாகாமல் இருந்திருக்கிறது. தொட்டியைத் தனியாக எடுத்து, மழைநீர் தட்டில் வைத்து, வடக்குச் சன்னலில் வைத்தேன். மார்கழிப் பனியில் விரல் நகம் அகலத்துக்குப் படர்ந்தது, காலையில் ஒவ்வொரு குஞ்சத்தின் மேலும் ஒரு நீர்த்துளி நிற்கும். மாசி வரை நன்றாக இருந்தது. பங்குனியில் நுனி வெளிற ஆரம்பித்தது, கத்திரி வெயிலுக்கு முன்பே முடிந்துவிட்டது. இரவிலும் சூடு இறங்காத ஊர் இதற்கு ஆகாது. ஏ.சி. அறையில் கண்ணாடித் தொட்டிக்குள் விளக்கு வைத்து வளர்ப்பவர்கள் உண்டு, முடியும், செலவும் கவனமும் வேண்டும்.

தட்டில் தண்ணீர் நின்றால் கொசு வருமே?

வரும். நான் வைத்தது ஒரே தட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டி மாற்றினேன். டெங்கு காலத்தில் அதுவும் வேண்டாம்.

நைந்துபோன பழைய மாஸை என்ன செய்வது?

நோய் வந்த செடியின் மாஸ் என்றால் குப்பைக்குத்தான். மற்றது வெயிலில் ஒருநாள் காயட்டும், அப்புறம் கையுறை போட்டுக்கொண்டு நொறுக்கி, செம்பருத்தித் தொட்டியில் மேல் மண்ணோடு கிளறிவிடுங்கள். என் வீட்டில் இட்லிப்பூச் செடிக்குத்தான் எல்லாம் போகிறது.